எண்ணூறு அடிக்கு எந்த மோட்டார்

ஆபீஸுக்குள் வேண்டாம் சார், இந்த பேக்கரியிலேயே உட்கார்ந்து பேசலாம். அங்கே எல்லாம் கண்ணாடிச் சுவர். யார் யாரோடு பேசுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தேங்காய் பன் சொல்லட்டுமா? வேண்டாமா? சரி, இரண்டு டீ மட்டும்.

நீங்கள் போனில் சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிடுகிறேன். தப்பாக எதையும் சொல்லிவிடக் கூடாது, அதனால்தான். ஜெசிந்தா அக்கா உங்கள் கம்பெனிக்கு டிசைனர் வேலைக்கு வந்திருக்கிறார். அவர் வரைந்த பக்கங்கள் எல்லாம் உங்களுக்குப் பிடித்துவிட்டன. ஆனால் கிளையன்டுக்குப் பொய்யான பக்கத்தைக் காட்டி ஏமாற்றியவர் என்று யாரோ உங்கள் காதில் போட்டிருக்கிறார்கள். உண்மையா என்று அவரிடமே கேட்டீர்கள். அவர் ஒரு விளக்கமும் சொல்லாமல், "மாதப்பன்னு ஒரு பையன் அங்க இருக்கான். அவங்கிட்ட கேளுங்க, அவனுக்குப் பொய் வராது" என்று என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். நான் சொல்வதை வைத்துத்தான் அவரை எடுப்பதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்வீர்கள். இவ்வளவுதானே?

எவ்வளவு தைரியம் பாருங்கள் சார். எனக்கு அப்படியொரு துரோகம் செய்துவிட்டு என் நம்பரையே கொடுத்திருக்கிறார்.

ஆனால் ஒன்று சார். எனக்குப் பொய் வராது என்பது உண்மை. அதில் அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். கூட்டிச் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் பென்னாகரம் பக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் பெங்களூரில் கட்டட வேலை. எங்கள் வகையறாவில் காலேஜ் வாசலை மிதித்தது நான்தான் முதல். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்களைப் போன்றவர்கள் ஒரு வேலையில் தவறு செய்தால் அது அந்த வேலையோடு நிற்பதில்லை சார். இவனுக்கெல்லாம் ஏன் வேலை கொடுத்தோம் என்று ஆகிவிடும். அதனால் நான் எதையும் மூன்று முறை பார்க்காமல் கையை விட்டு அனுப்ப மாட்டேன். கிரிதரன் சார், அவர்தான் எங்கள் மேனேஜர், அவர்கூடச் சொல்வார். "மாதப்பா, உன் வேலை நல்லாருக்கு. ஆனா முடிஞ்சுதுன்னு மட்டும் உன் வாயில வரவே மாட்டேங்குது." அதனாலேயே எனக்கு வேலை நிரந்தரமாவது தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

எங்கள் ஆபீஸில் வேலை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். டிசைனர்கள் ஜன்னல் பக்கம். நாங்கள், புரோகிராம் எழுதுகிறவர்கள், உள்பக்கம். ஒரு வெப்சைட் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் வரைந்து அனுப்புவார்கள். அதை வேலை செய்ய வைப்பது நாங்கள். படம் கைக்கு வந்த அன்றே சண்டை தொடங்கிவிடும். "பட்டன் ஏன் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கு?" என்று அவர்கள் கேட்பார்கள். "நீங்க இங்கிலீஷ்ல வரைஞ்சீங்க, தமிழ்ல போட்டா எழுத்து பட்டனை விட்டு வெளியே வருது, நாங்க என்ன பண்றது?" என்று நாங்கள் கேட்போம். அவரவர் வேலையை அவரவர் முடித்துவிட்டு மற்றவரைக் குற்றம் சொல்வதுதான் வழக்கம்.

ஜெசிந்தா அக்கா அப்படி இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் தன் நாற்காலியைத் தரையில் கரகரவென்று இழுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்துவிட்டார். தூத்துக்குடிக்காரர். பேச்சு அப்படித்தான் இருக்கும்.

"ஏல மாதப்பா, நான் வரைஞ்சு முடிச்ச பொறவு முடியாதுன்னு சொல்லாத. வரையுறப்பவே சொல்லிப்புடு. ரெண்டு பேருக்கும் பாடு மிச்சம்."

அன்றிலிருந்து அப்படித்தான் வேலை செய்தோம். அவர் ஒரு கட்டம் வரைவார். இது வரும், இது வராது, இது வந்தாலும் பழைய போன்களில் மெதுவாகத் திறக்கும் என்று நான் சொல்வேன். அவர் அழித்துவிட்டு வேறு மாதிரி வரைவார். ஆபீஸில் மற்றவர்கள், "என்ன, மாமியார் மருமக மாதிரி ஒரே மேசையில சமையலா?" என்று கேலி செய்வார்கள். "மாமியாருக்கு ஒரு காப்பி வாங்கியாங்கல" என்று அக்கா பதில் கொடுப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூட்டம் என்றால் நான் கடைசி நாற்காலிக்குப் போய்விடுவேன். எல்லாம் இங்கிலீஷ். அக்காதான் பேசுவார். புரோகிராம் பற்றிய இடம் வரும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். இப்போது நீ சொல் என்று அர்த்தம். எனக்கு வந்த மொழியில் ஒரு வரி சொல்வேன். மிச்சத்தை அவர் எடுத்துக்கொள்வார். அந்தப் பார்வை வந்தால் நான் பேசிவிடுவேன் சார். பழகிவிட்டது.

இப்படி இருந்தவர்தான்.

ஒரு மோட்டார் பம்பு கம்பெனி. பெயர் வேண்டாம், இதே கோயமுத்தூர்தான். அவர்களுக்கு ஒரு வெப்சைட் வேண்டும். கிராமத்துக் கடைக்காரர் வாடிக்கையாளரை எதிரில் வைத்துக்கொண்டு போர்வெல் எத்தனை அடி ஆழம், குழாய் என்ன அகலம், மின்சாரம் எப்படி வரும் என்று போட்டால், எந்த மோட்டார் சரியாக இருக்கும் என்று பக்கம் சொல்ல வேண்டும். இதில் தவறு வரக் கூடாது சார். ஒரு விவசாயி கடன் வாங்கி மோட்டாரை உள்ளே இறக்குகிறார். தண்ணீர் மேலே வரவில்லை என்றால் யார் பொறுப்பு? எங்கள் ஊரில் அப்படி இறக்கி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

அதனால் என் பக்கத்தின் உச்சியில் ஒரு சிவப்புப் பட்டை வைத்தேன். "இது சோதனைப் பக்கம். விடைகள் இன்னும் சரிபார்க்கப்படவில்லை." அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னல இது, கரன்ட் ஆபீஸ் மண்டையோடு மாதிரி? தொட்டா செத்துருவோமோன்னு இருக்கு."

"இருக்கட்டும்க்கா. முழுசா சரிபார்த்த பிறகு எடுத்துடறேன்."

"முழுசான்னா எப்போ, என் கல்யாணத்துக்கா? சரி, எடுக்காண்டாம். நெறத்தையாவது மாத்து. மாம்பழ மஞ்சள் போடு. பயம் போயிரும், சேதி இருக்கும்."

மாற்றிக் கொடுத்தது அவர்தான். நல்ல யோசனைதான். நல்லதை நல்லது என்றுதானே சொல்ல வேண்டும்.

டிசைனர்கள் முதலில் ஒரு மாதிரி செய்து வைத்திருப்பார்கள், உங்களுக்குத் தெரியும். வரைந்த படங்களை ஒன்றோடொன்று கோத்து வைத்திருப்பது. ஒரு இடத்தைத் தொட்டால் அடுத்த படம் வரும். பார்க்க நிஜ வெப்சைட் போலவே இருக்கும். உள்ளே ஒன்றும் கிடையாது. எங்கள் மாதிரியில் அடி என்கிற கட்டத்தைத் தொட்டால் முந்நூறு என்று தானாக வந்து நிற்கும். முந்நூறுக்கு உரிய மோட்டாரின் படம் வரும். வேறு எதுவும் வராது. நாங்கள் எங்களுக்குள் பார்த்துக்கொள்ள வைத்திருந்தது அது.

கம்பெனி முதலாளி நேரில் வந்து பார்க்கிற நாள். கிரி சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னிக்கு நல்லபடியா போச்சுன்னா உன் நிரந்தரம் என் பொறுப்பு" என்று சொல்லியிருந்தார். எனக்குக் காலையில் சாப்பாடே இறங்கவில்லை.

அன்று காலையில் ஒரு நினைப்பு வந்தது சார். மின்சாரம் குறைவாக வரும் ஊர்களுக்கு நான் போட்டிருந்த கணக்கு சரிதானா என்று. சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்னும் கொஞ்சம் சரியாக்கலாம் என்று கை வைத்தேன். அவ்வளவுதான், எந்த எண்ணைப் போட்டாலும் பக்கம் வெள்ளையாக நின்றது. ஜன்னல் பக்கம் ஓடினேன்.

"அக்கா, காட்டாதீங்க. என் பக்கத்தைக் காட்டாதீங்க. எல்லாம் போச்சு."

"என்னல சொல்லுத? இன்னும் செத்த நேரத்துல வந்துருவாவளே."

"காட்டாதீங்கக்கா. காட்டினீங்கன்னா நான் செத்தேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். எழுந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். "குடி. காட்டல. நான் பாத்துக்கிடுதேன், நீ போயி அதைச் சரி பண்ணு."

இதுதான் நடந்தது. நான் ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. என் பக்கத்தைக் காட்டாதீங்க என்று நான் சொன்னேன். ஆனால் வேறொன்றைக் காட்டுங்கள் என்று சொல்லவில்லை. அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பிறகு நான் பழையபடியே மாற்றி வைத்தேன். பக்கம் திரும்ப வந்துவிட்டது. கூட்டம் தொடங்கும் முன்பே வந்துவிட்டது. அவரிடம் சொன்னேனா? எப்படிச் சொல்வது சார்? எல்லா ஆழத்துக்கும் போட்டுப் பார்க்காமல் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகிவிடாதா? போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டுவிட்டார்கள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

திரையைப் பார்க்கிறேன், அங்கே மாதிரி ஓடுகிறது. அக்காவின் படங்கள். என் பக்கம் இல்லை. "முழுசா முடிஞ்ச பிறகு இப்படித்தான் சார் இருக்கும்" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு படமாக நகர்த்திக்கொண்டு போகிறார். முதலாளிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பெரிய மனிதர், வேட்டி சட்டை, கூடவே அவர் மகன்.

"அருமைங்க அம்மிணி. நம்ம தோட்டத்துல போர் எண்ணூறு அடிங்க. அதுக்கு எந்த மோட்டாருன்னு ஒருக்கா போட்டுக் காட்டுங்க."

அக்கா, "இப்போதைக்கு முந்நூறு அடிக்குத்தான் சார் வச்சிருக்கோம்" என்றார்.

"அட, முந்நூறு அடியில இப்ப ஆருக்குங்க தண்ணி இருக்குது? எண்ணூறு போடுங்க."

மகன் கையை நீட்டி அவரே கட்டத்தைத் தொட்டுவிட்டார். முந்நூறு என்று வந்து நின்றது. திரும்பத் தொட்டார். திரும்பவும் முந்நூறு.

"ஏனுங்க அம்மிணி, நான் எண்ணூறுன்னேன். அது முந்நூறுன்னே நிக்குதுங்களே. பொட்டிக்குக் காது கேக்கலைங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சொன்னேன் அல்லவா, அந்தப் பார்வை. நேராக என்னை, பிறகு என் மடியில் இருந்த லேப்டாப்பை. என்னிடம் ஏதோ எதிர்பார்க்கிறார் என்று புரிந்தது. அந்தப் பார்வை வந்தால் நான் பேசிவிடுவேன். எழுந்து நின்றேன்.

"சார், அது நிஜம் இல்லைங்க சார். வெறும் படம். உள்ள ஒண்ணும் இல்லை."

உண்மையைத்தானே சொன்னேன்?

முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்ப இத்தனை நேரம் எங்களுக்குப் படம் ஓட்டிக்கிட்டு இருந்தீங்களா? பாப்கார்ன் குடுத்திருக்கலாமுங்களே."

கிரி சாருக்கு முகம் கறுத்துவிட்டது. "யார் இதைக் காட்டச் சொன்னது?" என்று கேட்டார்.

அக்கா, "நான்தான் சார்" என்றார்.

அவரே ஒப்புக்கொண்டார் சார். அத்தனை பேர் முன்னால். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரேதான்.

பிறகு கிரி சார் என் லேப்டாப்பை வாங்கித் திரையில் போட்டார். எண்ணூறு என்று அடித்தார். எனக்கு உயிர் போய் வந்தது. சரியான மோட்டார் வந்தது சார். குழாய் அகலத்தோடு, குதிரைத்திறனோடு. முதலாளி எழுந்து வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். "இதாங்க தம்பி. என்ர தோட்டத்துல இறக்கியிருக்கறது இதே மோட்டாருதான்" என்று என் முதுகில் தட்டினார். மகன்தான் கேட்டார்: "இவ்வளவு நல்லா செஞ்சு வச்சிருக்காரே, இதை ஏன் மறைச்சு வச்சீங்க?"

அந்தக் கேள்விதான் சார் எனக்கும். அந்தக் கேள்விதான் இன்றுவரை என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. ஏன் என் பக்கத்தை மறைத்து வைத்தார்? அத்தனை மாதம் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்தது. கடைசியில் தன் படங்களை மட்டும் காட்டிப் பேர் வாங்கப் பார்த்தாரே. கிரி சாரும் அதைத்தான் சொன்னார். "டிசைனர்ஸ் புத்தி இதுதான் மாதப்பா. நீ அன்னிக்கு எழுந்திரிச்சிருக்கலேன்னா உன் உழைப்பு வெளியவே வந்திருக்காது." யாருக்குமே அப்படித்தான் பட்டது.

நான் அவரிடம் நேராகவே கேட்டேன் சார். மனதில் வைத்துக்கொண்டு சிரிக்க எனக்குத் தெரியாது. கூட்டம் முடிந்து எல்லோரும் போனதும் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டேன்.

"ஏன்க்கா என் பக்கத்தைக் காட்டலை?"

முதலில் சிரித்தார். நான் விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்று நினைத்திருப்பார் போல. பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நெசமாத்தான் கேக்கியால?"

"ஆமாக்கா. எனக்குத் தெரியணும்."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வருகிறார் என்று காத்திருந்தேன். கடைசியில் "சரி போ. காலையில இருந்து ஒண்ணும் திங்கல நீ, போயி சாப்பிடு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

பதில் இல்லை சார். நேர்மையாக இருந்தால் பதில் இருக்கும் அல்லவா? பேச்சை மாற்றுகிறவர்களிடம் ஏதோ குற்றம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அதற்குப் பிறகு அவர் நாற்காலியை என் பக்கம் இழுக்கவே இல்லை. கிரி சார் அவரை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டு விசிட்டிங் கார்டு, திருமணப் பத்திரிகை வடிவமைக்கிற இடத்தில் போட்டார். கொஞ்ச நாளில் ஒரு காலையில் வந்து பார்த்தால் மேசை காலி. எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாராம். வாட்ச்மேனிடம்கூடச் சொன்னாராம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா அக்கா என்று கூப்பிட்ட வாய் சார் இது. இதைவிட என்ன துரோகம் வேண்டும்?

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. போன மாதம்தான். அம்மா வேலை செய்கிற இடத்தில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார்களாம். அக்காவின் இடத்துக்கு வந்திருக்கும் புதுப் பையன் படத்தை மெயிலில் அனுப்புவதோடு சரி, இருக்கையை விட்டு எழுந்து வர மாட்டான். கூட்டங்களில் இப்போதெல்லாம் நான் பேசுவதில்லை. யாரும் என்னைப் பார்ப்பதும் இல்லை.

அவ்வளவுதான் சார். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். வேலையில் அவரைப் போல ஆள் கிடைக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நம்பலாமா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

என்ன கேட்டீர்கள்?

காட்டாதீங்க என்று நான் சொன்னதை கிரி சாரிடம் சொன்னேனா என்றா? இல்லை சார். அவர் அதைக் கேட்கவில்லையே. யார் காட்டச் சொன்னது என்றுதான் கேட்டார். காட்டச் சொன்னது நான் இல்லை. என்னிடம் நேராகக் கேட்டிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன். நான் எதையும் மறைக்கிறவன் இல்லை. இப்போதுகூடப் பாருங்கள், நீங்கள் கேட்காமலே உங்களிடம் சொல்லியிருக்கிறேன்.

ஏன் சார் அப்படிப் பார்க்கிறீர்கள்?

மெயிலில் எழுதித் தர வேண்டுமா? எந்த வரியை? ஓ. அன்று காலை என் பக்கத்தைக் காட்ட வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன் என்றா? அந்த ஒரு வரி போதுமா உங்களுக்கு? அது இருந்தால் உங்கள் மேலிடத்தில் காட்டி அவருக்கு வேலை போட்டுக் கொடுத்துவிடுவீர்கள். இல்லாவிட்டால் முடியாது. புரிகிறது சார்.

எழுதலாம். உண்மைதானே அது, எழுதுவதில் என்ன இருக்கிறது? கொஞ்சம் யோசித்துத்தான் எழுத வேண்டும். அந்த ஒரு வரியை மட்டும் தனியாகப் படித்தால் வேறு மாதிரி ஆகிவிடும். ஏதோ நான்தான் காரணம் என்பதுபோல. முழுவதையும் கேட்டவர்களுக்குத்தான் புரியும், உங்களைப் போல. உங்கள் ஆபீஸில் கிரி சாருக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள் அல்லவா? ஊர் அவ்வளவு சின்னது சார், வெப்சைட் வேலையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். மெயில் என்றால் யாரும் யாருக்கும் அனுப்பலாம்.

ஒன்று செய்யலாமா? நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். "விசாரித்ததில் தெரிய வந்தது" என்று போட்டால் போதாதா? போதாதா. யார் சொன்னது என்று கேட்பார்களா.

கிளம்பிவிட்டீர்களா? டீக்கு நான் கொடுத்துவிடுகிறேன், இருக்கட்டும். நான் முடியாது என்று சொல்லவில்லை சார், அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுதி ஒருமுறை சரிபார்த்துவிட்டு அனுப்பப் பார்க்கிறேன். அக்கா கேட்டால் மட்டும், மாதப்பன் எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னான் என்று சொல்லுங்கள். அதில் ஒரு பொய்யும் இல்லையே சார்.